மூளையில் ஒரு புள்ளி: எம்.ஆர்.ஐ. காட்டுவதும் காட்டாததும்

நம் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் கணிசமானோர் போடிநாயக்கனூரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புபவர்கள் அவர்களில் பலர். அவ்வாறு சென்ற 26 வயதுப் பெண் ஒருவருக்குக் காய் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. உடனிருந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மூன்று நிமிடங்களில் வலிப்பு தானாக நின்றது. வேறோர் ஊரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, மறுநாள் கணவருடனும் தாயாருடனும் நம்மிடம் வந்தார். (நோயாளரின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

கணவர் படத்தை மேசைமீது வைத்துவிட்டு, “மூளையில கட்டின்னு எழுதியிருக்காம் அய்யா. வீட்டை அடமானம் வெச்சாவது ஆபரேசன் பண்ணிரலாமா?” என்று கேட்டார். அறிக்கையில் கட்டி என்ற சொல்லே இல்லை. ‘லீஷன்’ என்று இருந்தது. அச்சொல்லுக்குப் பாதிப்புற்ற இடம் என்பதே பொருள். அது புற்றாகவும் இருக்கலாம், கிருமியால் உண்டானதாகவும் இருக்கலாம், பழைய தழும்பாகவும் இருக்கலாம். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு உறக்கமிழந்த குடும்பங்கள் ஏராளம். எனவே, மூளையில் தெரியும் ஒரு புள்ளி எதுவென்று மருத்துவர்கள் எவ்வாறு தீர்மானிக்கிறோம், அதில் எம்.ஆர்.ஐ. கருவியும் அதன் புதிய முறைகளும் எந்த அளவுக்கு உதவுகின்றன, எங்கே உதவாமல் நின்றுவிடுகின்றன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

வேலூரில் கிடைத்த விடை

முதன்முறையாக வலிப்பு வந்த இளவயதினரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தெரிவது நம் நாட்டில் அரிதன்று. 1980களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது, இத்தகைய புள்ளிகளைப் பெரும்பாலும் மூளைக் காசநோய்க் கட்டி என்றே கருதி, நீண்ட காலம் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். ஆனால் சிலருக்கு அந்த மருந்து இல்லாமலேயே புள்ளி மறைந்தது. இது மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய புள்ளிகளில் சிலவற்றை அறுவை மூலம் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை காசநோயும் அல்ல, புற்றும் அல்ல. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கி, மடிந்துகொண்டிருந்த இடங்களே. 1993-ல் அக்குழுவினர் இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்களை வெளியிட்டனர். புள்ளி ஒன்றே இருந்து, 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், சுற்று வீக்கத்தால் மூளையின் நடுக்கோடு விலகாமல் இருக்க வேண்டும். நோயாளிக்கு மூளை அழுத்தம் நீடிப்பதோ, நாளுக்கு நாள் பெருகும் கைகால் தளர்ச்சியோ, உடலில் வேறு நோயோ இருக்கக் கூடாது. இவை அனைத்தும் பொருந்தினால் அது புழுப் புள்ளியாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அந்த அளவுகோல்கள் பலரைத் தேவையற்ற அறுவையிலிருந்தும், ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை வீணே உண்பதிலிருந்தும் காத்தன.

இங்கே ஓர் ஐயத்தைப் போக்க வேண்டும். “நாங்கள் பன்றி இறைச்சி உண்பதே இல்லையே” என்று பலர் கேட்பார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும். ஆனால் மூளைக்குச் செல்லும் இளம்புழு அந்த இறைச்சியிலிருந்து வருவதன்று. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் குடிநீரிலோ, பச்சைக் காய்கறியிலோ, கழுவாத கையிலோ கலந்து நம் வயிற்றை அடைவதால்தான் அது வருகிறது. ஆகவே சைவ உணவினருக்கும் இந்நோய் வரும். கழிப்பறைப் பயன்பாடும், சோப்பிட்டுக் கை கழுவுவதும், காய்ச்சிய நீரும், காய்கறிகளை நன்கு அலசுவதுமே தடுப்பு.

நம் பெண் நோயாளிக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தோம். புள்ளியின் அளவு 11 மில்லிமீட்டர். வளையத்தின் ஓரத்தில், கடுகைவிடச் சிறிய ஒரு பொட்டு தெளிவாகத் தெரிந்தது. அதுவே புழுவின் தலை. இதைக் கண்டபின் வேறு சோதனை எதுவும் தேவைப்படவில்லை. “புதுசா ஏதோ ஸ்கேன் இருக்காமே, அதையும் எடுத்துருவோமா?” என்று தாயார் கேட்டார். வேண்டாம் என்றோம். வலிப்பு மருந்தும் புழுவுக்கான சிகிச்சையும் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் புள்ளி மறைந்திருந்தது.

காந்தம் எவ்வாறு படமெடுக்கிறது?

எம்.ஆர்.ஐ. என்பது எக்ஸ்-ரேயோ சி.டி. ஸ்கேனோ போன்றதன்று. அதில் எக்ஸ் கதிர் இல்லை. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்த ஊசியைப் போல நடந்துகொள்கிறது. 1.5 டெஸ்லா வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. அதனுள் நாம் படுத்தவுடன் அந்த நுண்ணிய காந்தங்களில் ஒரு பகுதி ஒரே திசையை நோக்குகின்றன. அப்போது ஒரு வானொலி அலையைச் செலுத்தினால் அவை நிலை மாறும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவை வெளியிடும் மெல்லிய அலையைக் கருவி கேட்டுப் படமாக்குகிறது.

வானொலி அலை என்பது உவமையன்று; உண்மையிலேயே வானொலிதான். போடியில் பலர் வீட்டில் கேட்கும் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 1.5 டெஸ்லா கருவியில் ஹைட்ரஜனின் அலை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸிலும், 3 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸிலும் அமைகிறது. வெளி வானொலி உள்ளே புகாதவாறு ஸ்கேன் அறையைச் சுற்றிலும் உலோகத் தகடு பதித்திருப்பதற்கு இதுவே காரணம்.

இக்கருவியின் வரலாற்றில் நம் நாட்டவர் இருவரின் பங்கைப் பலர் அறியார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், காந்தத்தின் ஊடே குழாயில் நீர் ஓடும்போது அதன் அலை மாறுபடுவதை 1951-ல் பதிவு செய்தார். இன்று ஊசி மருந்து இன்றியே மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறை இதே தன்மையைப் பயன்படுத்துகிறது. அனில் குமார் என்னும் இந்திய அறிஞர் 1975-ல் சூரிக்கில் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் குழுவினருடன் வெளியிட்ட கணித முறை, இன்றைய எம்.ஆர்.ஐ. படங்களுக்கு அடித்தளமாயிற்று. பின்னர் அவர் பெங்களூருவில் நெடுங்காலம் பணியாற்றினார். எர்ன்ஸ்ட் 1991-ல் வேதியியலுக்கான நோபல் பரிசும், எம்.ஆர்.ஐ. படத்தை உருவாக்கிய பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு ஆகியோர் 2003-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசும் பெற்றனர்.

ஸ்பெக்ட்ராஸ்கோபி: உடைக்காமல் முகர்வது

ஏல மையத்தில் வியாபாரி காயைக் கையில் எடுத்து அதன் பருமனையும் நிறத்தையும் பார்க்கிறார். ஆனால் உள்ளே எவ்வளவு எண்ணெய்ச் சத்து உள்ளது என்பதை, உடைத்து முகர்ந்தால்தான் அறிய முடியும். எம்.ஆர்.ஐ. படம் பருமனையும் நிறத்தையும் பார்ப்பது போன்றது. மூளையை உடைத்து முகர இயலாது. அதற்கு ஈடாக அமைந்ததே ஸ்பெக்ட்ராஸ்கோபி என்னும் முறை.

ஹைட்ரஜன் நீரில் மட்டும் இல்லை. கொழுப்பிலும் வேறு பல வேதிப்பொருள்களிலும் இருக்கிறது. எந்தப் பொருளில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் அலை சிறிதே விலகும். ஒரே வானொலி வரிசையில் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் நிலையங்களைப் போல இவற்றைக் கருதலாம். ஆனால் இடைவெளி மிகச் சிறிது. 64 மெகாஹெர்ட்ஸில், அதாவது 6 கோடியே 40 லட்சம் அதிர்வுகளில், வேறுபாடு நூற்றுக்கணக்கான அதிர்வுகளுக்கு மேல் இராது. கருவி அதைப் பிரித்தறிந்து, மேடுகள் கொண்ட ஒரு வரைபடமாகத் தருகிறது. உங்கள் படக் கோப்பில் மலைத்தொடர் போன்ற கோடுகள் கொண்ட தாள் இருந்தால், அது இதுவே. 3 டெஸ்லா கருவியில் இந்த இடைவெளி இரு மடங்காவதால் மேடுகள் இன்னும் தெளிவாகப் பிரியும்.

அவற்றில் ஒரு மேடு, நலமான நரம்பணுக்களில் மிகுந்திருக்கும் பொருளைக் குறிக்கும். அது தாழ்ந்தால் நரம்பணுக்கள் குறைந்துள்ளன என்று பொருள். ‘கோலின்’ என்னும் மேடு உயர்ந்தால் அணுச் சவ்வுகள் விரைந்து உருவாகின்றன என்று பொருள். புற்றுக் கட்டிகளில் இதைக் காண்போம். ‘லாக்டேட்’ மேடு உயிர்வளிப் பற்றாக்குறையைக் காட்டும். காசநோய்க் கட்டியில் கொழுப்பு மேடு ஓங்கி நிற்கும். காசநோய்க் கிருமியின் சுவர் கொழுப்பு மிகுந்தது என்பதும், கட்டியின் நடுவே திசுக்கள் பாலாடைக்கட்டி போல மடிந்து கிடப்பதும் இதற்குக் காரணங்கள்.

இது பயன்பட்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த தோட்டக் கங்காணி ஒருவருக்கு இரண்டு மாதமாகத் தலைவலி. உடல் எடையும் குறைந்திருந்தது. மூளையில் 30 மில்லிமீட்டர் அளவில் ஒரு வளையம். வேலூர் அளவுகோல் இங்கே பொருந்தாது. புற்றா, காசநோயா என்பதே கேள்வி. ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கொழுப்பு மேடு தனித்து உயர்ந்திருந்தது. கோலின் சற்றே கூடியிருந்தது. இதன்பின் நெஞ்சுப் பகுதியை ஆராய்ந்தபோது நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. அவற்றிலிருந்து ஊசி மூலம் எடுத்த மாதிரியில் காசநோய் உறுதியானது. தலையைத் திறக்காமலேயே விடை கிடைத்தது. நீண்ட மாதங்கள் மருந்து உண்டபின் வளையம் சுருங்கிச் சிறு தழும்பாயிற்று.

வரைபடம் தீர்ப்பன்று

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மையே சொன்னவனாவேன். பட்டமேற்படிப்புக் காலத்தில் நான் கண்ட மற்றொரு நோயாளியின் வரைபடத்திலும் கொழுப்பு மேடு இதே போல ஓங்கியிருந்தது. காசநோய் என்றே நானும் கருதினேன், மருந்தும் தொடங்கினோம். ஆறு வாரத்தில் கட்டி பெரிதாயிற்று. திசுச் சோதனையில் அது தீவிரப் புற்று என்று தெரிந்தது. விரைந்து வளரும் புற்றின் நடுவிலும் திசுக்கள் மடியும். அங்கும் கொழுப்பு மேடு எழும். நூலில் நான் படித்திருந்த செய்திதான் அது. ஆனால் கண்முன் இருந்த வரைபடம் என் எண்ணத்துக்கு இசைவாக இருந்ததால், அதை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஆறு வாரம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

சிறிய புள்ளிகளில் இம்முறை இன்னும் தடுமாறும். ஏறத்தாழ ஒன்று முதல் சில கன சென்டிமீட்டர் வரை அளவுள்ள ஒரு கட்டத்திலிருந்தே கருவி அலையைத் திரட்டுகிறது. புள்ளி அதைவிடச் சிறிதாயின், சுற்றியுள்ள நலமான மூளையின் அலையும் கலந்துவிடும். எலும்புக்கு அருகில் இருந்தாலோ நோயாளி அசைந்தாலோ வரைபடம் குழம்பும். முன்னர்க் கூறிய இளம்பெண்ணுக்கு நாங்கள் இச்சோதனையைப் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

ஆகவே விடையைத் தருவது ஒரு கருவி மட்டும் அன்று. படம், வரைபடம், உங்கள் நோய் தொடங்கிய கதை, இரத்தப் பரிசோதனை, சில மாதம் கழித்து எடுக்கும் இரண்டாம் படம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றே பார்க்கிறோம். ஒத்துப்போகாதபோது திசுச் சோதனை தேவை என்று மருத்துவர் கூறினால், புதிய கருவி இருந்தும் பயனில்லையே என்று மனம் தளர வேண்டாம். பல வேளைகளில் அதுவே பாதுகாப்பான வழி.

ஆய்வுக் கூடங்களிலிருந்து வருபவை

சில வகை மூளைக் கட்டிகளில் ஒரு மரபணு மாற்றத்தால் தனிப்பட்ட வேதிப்பொருள் ஒன்று திரளுகிறது. அதை உயிருள்ள நோயாளியின் மூளையிலேயே ஸ்பெக்ட்ராஸ்கோபி மூலம் கண்டறியலாம் என்பதை 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், மறதி நோயாளர் மூளையில் ‘குளுட்டாதயோன்’ என்னும் காப்புப் பொருள் குறைவதை இம்முறையால் அளந்துள்ளனர். பிரான்சில் 11.7 டெஸ்லா வலிமையுள்ள கருவி எடுத்த மனித மூளைப் படங்கள் 2024-ல் வெளியாயின. இவை பெரும்பாலும் ஆய்வு நிலையில் உள்ளவை.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு நம்பிக்கை தருவது மறுதிசையில் நிகழும் மாற்றம் என்றே கருதுகிறேன். வழக்கமான கருவியின் காந்தச் சுருளைக் குளிர்விக்க ஆயிரம் லிட்டருக்கும் மேலான திரவ ஹீலியம் வேண்டும். இப்போது சுமார் 7 லிட்டரில் இயங்கும் மூடிய காந்தங்கள் வந்துள்ளன. 0.064 டெஸ்லா மட்டுமே கொண்ட, படுக்கையருகே தள்ளிச் செல்லக்கூடிய கருவிக்கு 2020-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன் படம் அத்துணைத் தெளிவானதன்று. ஆயினும், பெரிய இரத்தக் கசிவையோ நீர்த்தேக்கத்தையோ அதில் காண இயலும். பெங்களூருவில் உள்நாட்டிலேயே உருவான 1.5 டெஸ்லா கருவி 2023-ல் அறிமுகமானது. இத்தகையவை பெருகினால், ஒரு படத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து மதுரை வரை செல்லும் நிலை மாறும்.

ஸ்கேனுக்கு வருமுன்

எம்.ஆர்.ஐ. காந்தம் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத வேளையிலும் அது அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் உருளையுடன் ஸ்கேன் அறைக்குள் சென்றபோது காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே உடன் வருவோரும் ஊழியர் சொல்லாமல் அறைக்குள் காலடி வைக்கக் கூடாது.

மெட்டி, மூக்குத்தி, கொலுசு, அரைஞாண் கொடி, தாயத்து, கொண்டை ஊசி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்குகளை மறவாதீர்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், உலோகம் இல்லாத மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வரலாம். இதய பேஸ்மேக்கர், மூளை அறுவையில் வைத்த கிளிப், செவிக்குள் பொருத்திய கருவி ஆகியவை இருந்தாலும், பற்றவைப்புப் பட்டறையில் வேலை செய்து கண்ணில் இரும்புத் துகள் புகுந்திருந்தாலும், கருவுற்றிருந்தாலும், சிறுநீரக நோய் இருந்தாலும் முதலிலேயே தெரிவியுங்கள்.

படம் எடுக்க அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். ஸ்பெக்ட்ராஸ்கோபி சேர்ந்தால் மேலும் சில நிமிடங்கள். தட்டுவது போன்ற பேரொலி கேட்கும், காதடைப்பான் தருவோம். கையில் தரும் பந்தை அழுத்தினால் உடனே வருவோம். அசையாமல் படுத்திருப்பதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய படங்களையும் அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். புள்ளி வளர்கிறதா, சுருங்குகிறதா என்பதைச் சொல்ல, விலையுயர்ந்த புதிய சோதனையைவிட ஓராண்டுக்கு முந்தைய ஒரு படம் பல வேளைகளில் அதிகம் உதவும். வலிப்பு வந்ததை நேரில் கண்டவரையும் உடன் அழைத்து வாருங்கள். இயன்றால் கைபேசியில் எடுத்த காணொலியைக் காட்டுங்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவியோ இரும்போ வலிப்பை நிறுத்துவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108 ஊர்தியை அழையுங்கள். மருத்துவர் சொல்லும் வரை வண்டி ஓட்டுவதும், செங்குத்துச் சரிவில் வேலை செய்வதும், தனியே கிணற்றில் இறங்குவதும் கூடாது. புள்ளி மறைந்துவிட்டது என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அந்த இளம்பெண் மருத்துவ ஆலோசனைப்படி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, மீண்டும் ஏலக்காட்டு வேலைக்குச் செல்கிறார். வீட்டை அடமானம் வைக்கவில்லை. வீட்டில் உள்ள அனைவரும் மலப் பரிசோதனை செய்துகொண்டனர். ஒருவருக்குப் புழு இருந்தது, மருந்து கொடுத்தோம். கடைசியாக வந்தபோது அவர் தாயார் பழைய படம், புதிய படம் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.